பெட்டியை மூடிய துண்டு

என் நுரையீரலில் ஓர் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தை ஸ்டேப்ளர் பின்களால் மூடியிருந்தார்கள். காகிதத்துக்கு அடிப்பது போலத்தான், ஆனால் ரொம்பச் சின்னது, உள்ளேயே இருந்துவிடும் என்று முதலாளியின் மனைவி எனக்கு விளக்கினார். கேட்டி என்ற அமெரிக்க ஊரில் அவர்கள் நடத்திய உணவகத்தில் நான் சமையல்காரன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் சொல்வதெல்லாம் அந்த அம்மா வழியாகத்தான் எனக்கு வரும். எடுத்த கட்டி புற்று இல்லை என்று சொன்னபோது, எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என் விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி, தரையில் இருந்த பிளாஸ்டிக் பெட்டிக்குப் போனது. உள்ளே கசிவது அதில் சேரும். நர்ஸ் அவ்வப்போது வந்து குனிந்து பார்த்து, எதுவரை ஏறியிருக்கிறது என்று பெட்டியின் மேல் பேனாவால் கோடு போடுவாள். முதலில் சிவப்பாக இருந்தது, இரண்டாம் நாள் வெளுத்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் இருமினேன். விலாவுக்குள் சுருக்கென்றது. இருமினால் வலிக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வழக்கமாக வரும் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் உடம்பிலிருந்து வடிந்ததை அவர்கள் காலடியில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? துண்டை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டேன்.

வந்தார்கள். டப்பாவில் ரசம் சாதம்.

"அண்ணா, நீங்க இல்லாம எங்க வீட்ல ஒரே அதிசயம். என் சாம்பார் சூப்பரா இருக்குன்னு அவரே சொல்லிட்டார்."

"பாவம், பசியில சொல்லியிருப்பார்டி," என்றாள் மற்றவள்.

சிரித்தேன். சிரித்தது வலித்தது. நர்ஸ் கதவருகே எட்டிப் பார்த்தாள். ஆட்கள் இருப்பதைக் கண்டு அங்கிருந்தே, "ஓகே?" என்றாள்.

"ஓகே. தேங்க் யூ."

இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் நான் சொல்லும் பதில் அதுதான். அவள் போய்விட்டாள்.

பெண்கள் டேகேர், ஃப்ரீவே என்று எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது, கைவிரல்கள் ஜில்லிட்டன. குழாயைப் பார்த்தேன். நல்ல சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மணிப் பொத்தான் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அழுத்தினால் நர்ஸ் வந்து இவர்கள் முன்னால் துண்டை எடுப்பாள். இவர்கள் போன பிறகு அழுத்தலாம் என்று காத்திருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் காத்திருந்தேன்.

"அண்ணா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? தூங்கறீங்களா? நாங்க கிளம்பட்டுமா?"

தலையாட்டியிருந்தால் போயிருப்பார்கள். அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"அந்தத் துண்டை எடுங்கம்மா," என்றேன்.

எடுத்தாள். கடைசிக் கோட்டுக்கு மேலே வெகுதூரம் ரத்தம் ஏறியிருந்தது. "ஐயோ, நர்ஸ்! ப்ளீஸ், சம்படி கம்!" என்று கத்திக்கொண்டே அவள் வெளியே ஓடினாள். செருப்பு ஒன்று கட்டிலடியிலேயே கிடந்தது.

மறுபடி ஆபரேஷன். கண் விழித்தபோது பகல். எந்தப் பகல் என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. முதலாளியின் மனைவி பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஒரு பின்னோட முனை சரியா மடங்காம நீட்டிக்கிட்டு இருந்துச்சாம் அண்ணா. மூச்சு விட விட விலா எலும்புக்கு உள்பக்கம் உரசி, அங்க ஒரு ரத்தக்குழாயைக் கிழிச்சிடுச்சாம். இப்ப அடைச்சிட்டாங்க. உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

டாக்டர் வந்தார். என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார்.

"ஏன் முன்னாடியே சொல்லலேன்னு கேக்கறார்."

சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பி, அவராகவே ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்று நான் இதுவரை கேட்டதில்லை. டாக்டர் முழுவதும் கேட்டார். போர்வைக்கு மேலாக என் காலை ஒரு முறை தொட்டுவிட்டு, அடுத்த அறைக்குப் போனார்.