கல்யாண வீடியோவை மூடிய என் பாட்டு

போன வருடம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி. பார்த்த பழக்கம்தான், பேசியதில்லை.

"ஏம்மா, இந்தப் பாட்டு நீ பாடுனதா?" என்று போனை நீட்டினார்.

என் பாட்டேதான்! அக்கா கல்யாணமாகிப் புறப்பட்ட அன்று அழுதுகொண்டே நான் எழுதி, மெட்டுப் போட்டது. பாட்டுகளை இணையத்தில் ஏற்றித் தரும் ஒரு நிறுவனத்தில் சந்தா கட்டி விற்பனைக்கு விட்டிருந்தேன். கேட்டவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதி நானேதான். சந்தாவைப் புதுப்பிக்காமல் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று முடிவுகூடச் செய்திருந்தேன். இப்போது ஒருவர் தேடி வந்து நிற்கிறார்! தலைகால் புரியவில்லை.

"ஒரு கல்யாண வீடியோல, பொண்ணு பொறப்படுத எடத்துல இதப் போட்டேன். நெட்ல ஏத்துன ஒடனே வீடியோவையே மூடிட்டான். பாட்டுக்காரங்க அனுமதி இல்லையாம். எவனோ பெரிய கம்பெனிக்காரன்னு தேடுனா, போட்டோல நம்ம ஊருப் பிள்ள! வேற பாட்டு போடுதேன்னா பொண்ணு இதுதான் வேணும்னு அடம் பிடிக்கா. அவ அண்ணன் கத்தார்ல இருக்கான், கல்யாணத்துக்கு லீவு கிடைக்கல. வெள்ளிக்கிழமை அங்க வேலை கெடையாது, இன்னைக்கே பாக்கணும்னு உக்காந்திருக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. பாட்டை ஏற்றும்போது, யாராவது கேட்காமல் பயன்படுத்தினால் என்ன செய்யலாம் என்று ஒரு கேள்வி வந்தது. 'தடை செய்' என்று பெருமையாக அழுத்தியிருந்தேன். கேட்கவே ஆளில்லாத பாட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு!

உடனே அந்த நிறுவனத்தின் தளத்தில் வீடியோவின் லிங்க்கைக் கொடுத்து அனுமதித்தேன். ஓரிரு நாள் ஆகலாம் என்று பதில் வந்தது. அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், ஓர் அண்ணன் காத்திருக்கிறான் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். அம்மா காபி கொடுத்தாள். அண்ணாச்சி ஒரு கையில் டம்ளரும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருந்தார். வெயில் தாழும் நேரத்தில், "தொறந்துட்டான்!" என்று அவர் எழுந்ததில் பாதிக் காபி சட்டையில்.

அன்று இரவே, அந்த அண்ணன் அனுப்பிய குரல் பதிவை அண்ணாச்சி எனக்கும் அனுப்பினார். "அண்ணாச்சி, யாரு பாடுனது இது? என் தங்கச்சி எங்கிட்ட சொல்லுத மாதிரியே இருக்கு. ரூம்ல எல்லாரும் கேக்காங்க. எங்கன வாங்கலாம்?"

அழுதுவிட்டேன். வாங்கும் லிங்க்கை அனுப்பியதும் வாங்கிவிட்டார். முகம் தெரியாத ஒருவர் என் பாட்டை வாங்கியது அதுதான் முதல் தடவை. அப்புறம் அவருடைய அறை நண்பர்களும் வாங்கினார்கள்.

சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். என் பெயரைப் போட்டு யாரும் பாட்டைப் பயன்படுத்தலாம் என்று மாற்றியும் வைத்தேன். அண்ணாச்சி இப்போது ஒவ்வொரு வீடியோவிலும் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறார், அடுத்த பாட்டு எப்போது என்று நச்சரிக்கவும் செய்கிறார். எழுத உட்கார்ந்து வரி எதுவும் வராமல் சலிக்கும்போதெல்லாம், என் பாட்டுக்காக ஒருவர் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றாரே என்று நினைத்துக்கொள்வேன், அது போதுமாக இருக்கிறது.