நோய்க்குத் தப்பிய தக்காளி

வேல்ஸில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்ற வேலையே எனக்குக் கிடையாது. காலையில் சொம்போடு பின்பக்கம் போனால், எனக்கு முன்பே மழை ஊற்றிவிட்டுப் போயிருக்கும். ஆரணியில் இப்படிப் பெய்தால் ஊரே குளிர்ந்துபோகும். இங்கே அதே மழைதான் தக்காளிக்கு எமன். இலையில் பழுப்பாகப் புள்ளி விழும்; சில நாளில் செடி வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும். கருகல் நோய். முதல் கோடையில் நாங்கள் வைத்தவை அத்தனையும் அப்படித்தான் போயின.

“அடுத்த வாட்டியும் புட்டுக்கிச்சின்னா நான் ஆரணிக்கே போயிடறேன்” என்றார் என் கணவர் தேவராஜ். “பொட்டி அடுக்கிகினு, சொவத்தப் பாத்துகினு, பேஜாரா கீதுடி.” பட்டுத் தறியில் உட்கார்ந்து வளர்ந்த மனுஷன். இங்கே ஒரு கிடங்கில் வேலை, அதை விட்டால் வீடு. எனக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, மகளுக்குக் கல்லூரி. நானும் மகளும் அவரோடு கிளம்ப முடியாது. ஒரு தக்காளிச் செடியைப் பிழைக்க வைத்தாவது அவரை இருத்திக்கொள்ளலாம் என்று, கருகல் நோயைத் தாங்குகிற ரகமாகத் தேடி விதை வாங்கினேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆரணியிலும் மொட்டை மாடியில் தக்காளி வைத்தவர்கள்தான் நாங்கள். அங்கே எமன் வெள்ளை ஈ. முழங்கால் உயரம் வருவதற்குள் இலையெல்லாம் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிடும். அப்போதும் அவர் விடமாட்டார். தறியில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கி, செடியைக் குச்சியோடு கட்டுவார். அறுந்த இழையைப் பிணைக்கிற அதே இறுக்கமான முடிச்சு. “எம் முடிச்சி அவுந்துச்சின்னா தறிய விட்டே எறங்கிடறேன்” என்பார்.

இங்கேயும் அதே கட்டுதான். பெட்டியில் கொண்டுவந்திருந்த அரக்கும் கிளிப்பச்சையுமான நூல், ஒவ்வொரு செடியிலும். பக்கத்து வீட்டு மார்கரெட் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, உங்கள் மதச் சடங்கா என்று கேட்டிருக்கிறாள். இவருக்குப் பாதிதான் புரிந்தது. “எஸ், எஸ்” என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாள் வேலிப் பக்கம் வந்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

ஜூலையில் அவள் வீட்டுச் செடிகள் கறுத்துச் சரிந்தன. எங்களுடையதில் ஒரு புள்ளி இல்லை. அவர் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தோட்டத்துக்குப் போனார். சாப்பிடும்போது பேசினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதற்குள் எங்கள் செடிகளிலும் கொழுந்துகள் தலை சாய்ந்தன.

“போச்சு. ஜல்தியா டிக்கெட்டப் போடு” என்றார்.

நான் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நோய் இல்லை. குனிந்து பார்த்தால், பருத்த தண்டைப் பட்டு நூல் கடித்துக்கொண்டிருந்தது. ஆரணியில் எங்கள் செடி ஒன்றுகூடத் தண்டு பருக்கும்வரை வளர்ந்ததில்லை. தளர்த்திக் கட்டவேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கத்தரிக்கோல் கொண்டுவந்தேன். “அறுக்காத, அவுக்கறேன்” என்று நகத்தால் நோண்டினார். அவர் முடிச்சு அவருக்கே அவிழவில்லை. கடைசியில் அவரேதான் வெட்டினார். மார்கரெட் வேலியோரம் நின்றபடி, முன்பே பார்த்ததாகவும், சாமி விஷயத்தில் எப்படித் தலையிடுவது என்று சும்மா இருந்ததாகவும் சொன்னாள். நல்ல மனுஷி. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இரண்டொரு செடி போனது, மற்றவை தேறின. ஆகஸ்டில் முதல் பழம். உப்புத் தொட்டுத் தின்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“செடி நல்லாத்தான்டி கீது. எனக்குத்தான் முடியல.”

கோபம் வந்தது. கத்தினேன், பிறகு அழுதேன். மறுநாள் நான்தான் டிக்கெட் போட்டேன்.

இப்போது தினமும் வீடியோவில் வருகிறார். முகம் தெளிந்திருக்கிறது. பின்னால் ஆரணி பஜார் இரைகிறது; கையில் தக்காளிப் பை. இங்கே பறித்ததைத் தின்ன அவரில்லாமல் மார்கரெட்டுக்குக் கொடுக்கிறேன்.

“நீ எப்ப வர்ற?” என்று நேற்றுக் கேட்டார்.

“இருக்கிற காயெல்லாம் பழுக்கட்டுங்க, வந்துடறேன்” என்றேன். செடி அவருக்குத் தெரியாதபடி போனை என் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டேன். செடியில் அன்று காலைதான் புதிதாகப் பூ விட்டிருந்தது.