இருட்டுவதற்குள் போக வேண்டியவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் ‘நாடோடி’ என்ற சொல்லை விளக்கினேன். நாடு நாடாக ஓடுகிறவர், அதாவது வீடில்லாதவர் என்றேன். பிள்ளைகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் சேலத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போக பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பாசிமணி விற்கும் பெண் ஒருத்தி ஏற வந்தாள். நாற்றம் தாங்காது என்று யாரோ முணுமுணுக்க, கண்டக்டர் படியிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டார். டிக்கெட்டுக்குக் காசு வைத்திருந்தாள். அடிவாரத்தில் அவர்கள் கூடாரம். இருட்டிய பிறகு வரும் பெண்ணை அவர்கள் கூட்டத்தில் உள்ளே விடமாட்டார்களாம். பால் குடிக்கிற பிள்ளை அங்கே இருக்கிறது என்று கெஞ்சினாள்.

நான் எழுந்து சத்தம் போட்டேன். “நீங்க உக்காருங்க டீச்சர். நாடோடிக்கு ஏதுங்க ஊடு? எங்க படுத்தா என்னங்க?” என்றார் கண்டக்டர், ரொம்ப மரியாதையாக. காலையில் நான் சொல்லிக் கொடுத்த அதே விளக்கம். பையை எடுத்துக்கொண்டேன். இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் தாமதமாகத்தான் வந்தது. நல்லவேளையாக அதில் யாரும் தடுக்கவில்லை. மலை இறங்க இறங்க வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அடிவாரத்தில் நாங்கள் இறங்கும்போது இருட்டிவிட்டது.

கூடாரங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் அவளை நிறுத்தினார். பஸ்ஸில் ஏற்றவில்லை, நானே சாட்சி என்றேன். “நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும் சாமி. எங்களுக்கு இருட்டுதான் கணக்கு, பஸ்ஸு இல்லீங்க. பஞ்சாயத்து கூடட்டும்” என்றார். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் புருஷன் தூக்கிவந்து கொடுத்தான். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. “நீ போ சாமி. உன்ன ஊட்டுல தேடுவாங்க” என்றாள் அவள்.

திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். கூடாரங்கள் இல்லை. அவளைச் சேர்த்துக்கொண்டு போனார்களா, விட்டுவிட்டுப் போனார்களா, இன்றுவரை தெரியாது. அந்தக் கண்டக்டர் அன்று தன் வீட்டில் சோறு தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ரிட்டயர் ஆகும்வரை அந்தச் சொல்லை எத்தனையோ வகுப்புகளில் நடத்தினேன். நாடு நாடாகப் போகிறவர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வீடில்லாதவர் என்று சொல்ல மட்டும் அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவே இல்லை.