கூட்டம் காட்டிய நாள்

போன வாரம் மகளைச் சேலம் ரயிலில் ஏற்றிவிடப் போயிருந்தேன். அங்கே நர்சிங் படிக்கிறாள். வழக்கத்தைவிடக் குறைந்த பெட்டிகளோடு வண்டி வந்தது. மிச்சத்தை எங்கோ திருவிழாக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். வாசலில் தொங்கியவர்களைப் பார்த்துவிட்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "நீங்க வூட்டுக்குப் போங்கப்பா. நான் அடுத்த வண்டிக்குப் போய்க்கிறேன்." என் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வலிக்குதுப்பா என்று அவள் சொல்லும்வரை விடவில்லை.

அதே பேச்சை முதலில் கேட்டபோது எனக்கு எட்டு வயதிருக்கும். கல்வராயன் மலை தூரத்தில் நீலமாகத் தெரியும் எங்கள் ஊரில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே ஒரு ரயில் நிறுத்தம் இருந்தது. கூரை கிடையாது. வேப்பமரமும் ஒரு கல் பெஞ்சும்தான். சின்ன வண்டி காலையில் ஒன்று, மதியம் ஒன்று சேலத்துக்குப் போகும். சாயங்காலம் ஒன்று திரும்பும். ஏறுவதற்கு ஆள் இல்லை என்று வண்டிகளை நிறுத்தப் போவதாகவும், அதற்குமுன் ஆட்களை எண்ண ஓர் அதிகாரி வருவதாகவும் டிக்கெட் கொடுப்பவர் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்.

சித்திக்கு அது எட்டாம் மாதம். கால் வீங்கி, முகமும் வீங்கியிருந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் போகும் பாதை குண்டும் குழியுமாக இருந்ததால் அவளுக்கு ரயில் தவிர வேறு வழியில்லை. "இது நின்னுட்டா இவளையும் புள்ளையையும் எதுல கூட்டிக்கினு போவேன்?" என்று சித்தப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார். மந்திரி வந்தால் கூட்டம் காட்டத் தெரிந்த ஊர் எங்களுடையது. அதையே ரயிலுக்கும் செய்வது என்று முடிவாயிற்று.

"ஓசில சேலம் பாக்கலாம்னா நானும் வரேன்" என்றார் ஒருவர்.

"ஓசி இல்ல, டிக்கெட் எடுத்தாதான் கணக்கு" என்றார் சித்தப்பா.

"அப்ப என் ஆட்டுக்கும் ஒன்னு எடு. உன்னவிட அதுக்குத்தான் வேலை ஜாஸ்தி."

எண்ணும் நாளன்றே சித்தியையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்பது சித்தப்பாவின் கணக்கு. ஊரே புதுத்துணி உடுத்தி நின்றது. ஆனால் வந்த வண்டியில் பாதிப் பெட்டிகள்தான். ஆளில்லாத பாதைக்கு இத்தனை எதற்கு என்று மற்றவற்றை வேறு ஊருக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். சித்தப்பா எங்களையெல்லாம் முட்டித் தள்ளி ஏற்றினார். என்னை ஜன்னல் வழியாக உள்ளே போட்டார். சித்தி தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தபோது படியில்கூட இடமில்லை.

சித்திக்கு இடம் விட இரண்டு பெண்கள் இறங்கப் பார்த்தார்கள். வாசலில் அந்த அதிகாரி எண்ணிக்கொண்டிருந்தார். சித்தப்பா அவரைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்களை இறங்கவிடாமல் தானே கீழே குதித்தார்.

"நீங்க ஏறுங்க" என்றாள் சித்தி. "நீங்க இல்லன்னா இதுங்க எல்லாம் அடுத்த ஸ்டேஷன்லயே எறங்கிடும். கூட்டம் அங்கியே கலைஞ்சிடும். நான் மத்தியான வண்டிக்கு வரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஏறிக்கொண்டார். கல் பெஞ்சில் உட்கார்ந்தபடி சித்தி எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

சேலத்தில் ஊர்க்காரர்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். சித்தப்பா என்னோடு பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார். மத்தியானத்துக்கு மேலாகியும் வண்டி வரவில்லை. பெட்டி பற்றாததால் அன்று அதை ஓட்டவேயில்லை என்று கடைசியில் யாரோ சொன்னார்கள். சித்தப்பா வாங்கித் தந்த பொரியை நான் தின்றுகொண்டிருந்தேன். அவர் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி அதையே மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் சாயங்கால வண்டியில் திரும்பியபோது பெஞ்ச் காலியாக இருந்தது. வெயிலிலேயே சித்திக்கு வலிப்பு வந்துவிட்டதாம். கரும்பு ஏற்றும் டிராக்டரில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. பிள்ளையும் தங்கவில்லை.

வண்டியை நிறுத்தவில்லை. நல்ல கூட்டம் இருப்பதாக அந்த அதிகாரி எழுதிவிட்டாராம். சில நாளில் பெட்டிகளும் திரும்பி வந்தன. ஊர் பழையபடி பஸ்ஸுக்கே போனது.

சித்தப்பா மட்டும் தினமும் காலையில் நிறுத்தத்துக்குப் போவார். சேலத்துக்கு ஒரு டிக்கெட் எடுப்பார். ஏற மாட்டார். வண்டி நின்றதும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் உள்ள நகருங்க, வழி விடுங்க" என்பார். வண்டி கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் ஊர் ரயிலைச் சித்தப்பாதான் டிக்கெட் எடுத்துக் காப்பாற்றுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலிப் பெட்டிகளில் யாரை நகரச் சொன்னார் என்று நான் கேட்டதே இல்லை.