சண்பகத்துக்குக் கவ்வாத்து

மகனைக் கொண்டுபோனதற்கு மறு வருடம் எங்கள் வாசலில் நின்ற சண்பக மரம் இலை பழுக்கத் தொடங்கியது. எண்பதுகளின் கடைசி அது. மாத்தளை டவுனில் கடை வேலை முடிந்து உக்குவளைக்கு வரும் வழியில், நம்பர் இல்லாத ஒரு ஜீப்பில் அவனை ஏற்றிப் போனார்கள். பார்த்த ஒருவர் எங்களிடம் சொன்னார். போலீசில் வந்து சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். நாங்கள் முகாம் முகாமாக ஏறி இறங்கினோம். எல்லா வாசலிலும் சிங்களத்தில் ஒரே பதில், "மெஹே நே." இங்கே இல்லையாம். அப்படியானால் எங்கே என்று கேட்டால் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொள்வார்கள்.

அந்த மரம் அவன் நட்டது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த கன்றை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். மழையில் நனைந்தால் கன்றுக்கு என்னடா என்று கேட்டுச் சிரித்தேன். வீட்டில் இருந்த கடைசி வருடம் அது முதல் தடவையாகப் பூத்தது. வேலைக்குப் போகும்போது ஒரு பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மரம் வாடியதும் என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

"அவன் எங்கயோ நோவோட கெடக்கான் புள்ள. அதான் இது இப்படி வாடுது."

"மரத்துக்கும் மனுசனுக்கும் முடிச்சுப் போடாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்தேனே தவிர, காலையில் கதவைத் திறந்ததும் நானும் முதலில் மரத்தின் உச்சியைத்தான் பார்த்தேன். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து, மகனின் ஆத்தும இளைப்பாற்றிக்கு ஒரு பூசை வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். "உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்கு சாமி?" என்று இவர் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியைச் சாமியார் குடிக்காமலே கிளம்பினார்.

என் வீட்டுக்காரர் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கக் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடி கிழடு தட்டினால் தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்த மருந்து அந்தக் கவ்வாத்து ஒன்றுதான். முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள். தண்டில் பிடித்த பாசியைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு முள்ளுக் குத்துவார்கள், அதாவது நீளப் பல் வைத்த இரும்பு முள்ளை மண்ணில் இறக்கி நெம்பிவிடுவார்கள். செடி கொழுந்து தள்ளி நிற்கும். "எத்தன தேயில மலைய எழுப்பி விட்டிருக்கேன், இந்த ஒத்த மரம் என்னா" என்று கத்தியை எடுத்தார்.

வாது கிளைகளை எல்லாம் வெட்டினார். தேங்காய் மட்டையால் தண்டைத் தேய்த்தார். மரத்தைச் சுற்றி முள்ளுக் குத்தி, வெட்டின குப்பையைப் போட்டு, சாணியும் சாம்பலும் போட்டு, மேலே மண்ணை இடுப்பளவுக்கு அணைத்தார். மரம் சுண்டுவிரல் நீளத்தில் நாலு இலை விட்டது, அதுவும் சுருண்டது. இவர் மறுபடியும் குத்தினார். மறுபடியும் மண் அணைத்தார். மகனுக்கு ஒரு வாய் சோறு கொடுக்க வழியில்லாத மனுசன், அந்த மரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வளவில் நின்றபோது அங்கிருந்த பெரிய சண்பகத்தின் அடியைப் பார்த்தேன். வேரெல்லாம் மேலே தெரிய, தண்டு அடியில் அகலித்து உட்கார்ந்திருந்தது. எங்கள் மரமோ நட்டு வைத்த கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் போகும். வீட்டுக்கு வந்ததும் சீலையைக்கூட மாற்றாமல் மண்ணைக் கையால் தோண்டினேன். உள்ளே பட்டை கறுத்து ஊறிப்போயிருந்தது. விரல் வைத்தால் அமுங்கியது, புளித்த மா வாசம் அடித்தது. இந்த மரத்துக்கு வேர் மேலாகத்தான் ஓடும்போல. முள்ளுப் பட்ட இடமெல்லாம் அறுந்து, அறுந்த நுனியெல்லாம் அழுகியிருந்தது.

"இங்க வாங்க. பாருங்க. இது அவன் நோவு இல்ல. மொதல்ல மழத் தண்ணி தேங்கிப் பழுத்திச்சு, அப்புறம் நீங்க குத்தின முள்ளு, நீங்க போட்ட மண்ணு."

இவர் குந்தி உட்கார்ந்து பட்டையைக் கிள்ளிப் பார்த்தார்.

"நானா?" என்றார்.

நான் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன்.

மண்ணை எல்லாம் அள்ளினோம். அழுகின வேரை வெள்ளை தெரியும்வரை வெட்டினோம். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட அலவாங்கால் ஒரு கான் கீறினோம். காய்ந்த இலையைத் தண்டைவிட்டு எட்டப் பரப்பினோம். பிறகு செய்ய ஒன்றுமில்லை, சும்மா விடவேண்டும். அதுதான் இவருக்குப் பெரிய தண்டனை. முள்ளை நான் ஒளித்து வைத்துவிட்டதால், மலை பார்க்க வந்த தொரை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. வெட்டின இடத்துக்குக் கீழே தளிர் வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு இலை வந்தது. பிறகு ஒரு காலை வாசல் கூட்டும்போது வாசம் வந்து நிமிர்ந்தேன். மொட்டு விரிந்திருந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"என்னங்க, மரம் பொழச்சிருச்சுங்க! பூத்திருச்சு! அவனும் வந்திருவான்ல?"

முடிச்சுப் போடாதே என்று சொன்ன அதே வாய்தான்.

இவர் வெளியே வந்து மரத்தை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"இதுக்கு வந்தது மண்ணால வந்த நோவு புள்ள. நீதான காட்டுன? மண்ண எடுத்தோம், பொழச்சுச்சு. அவனுக்கும் இதுக்கும் என்னா இருக்கு?"

நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அவனைக் கொண்டுபோன நாளில்கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்குத் தேடிப் போக வேண்டியிருந்தது.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அன்றைக்கு எங்கள் ஆட்கள் சேமக்காலையில் கல்லறைகளைக் கழுவி மெழுகுதிரி ஏற்றுவார்கள். மகன் போனதிலிருந்து நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. அன்று காலை இவர் எட்டின பூவையெல்லாம் பறித்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். "அவன் பூசைக்குச் சாமியார்ட்ட சொல்லிட்டேன். நீயும் ஒரு மெழுகுதிரி எடு" என்றார்.

தங்கள் ஆளுக்கென்று கல்லறை இல்லாதவர்கள் சேமக்காலை நடுவில் நிற்கும் பெரிய குருசின் அடியில்தான் பூ வைப்பது வழக்கம். மடியை அவிழ்த்துக்கொண்டு இவர் குனிந்தார். வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. அந்த வருடம் எங்களுக்கு முன்பே அத்தனை பேர் வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.