குமித்து அளந்த லிட்டர்

சின்ன வெங்காயமும் சீரகமும் நல்லெண்ணெயில் பொரியும் வாசனை... எங்கே வந்தாலும் எனக்கு என் நிச்சயதார்த்தக் காலைதான் ஞாபகம் வரும்!

மோகனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் ஓமலூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவது அப்பாவின் தங்கை, என் அத்தை. அன்றைக்கென்று பார்த்து, அரிசி அளக்கிற இரும்புப் படியை இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு லிட்டர் அலுமினியக் குவளை ஒன்றுதான்.

நான் விடுவேனா? கணக்கில் புலி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

"ஒரு படின்னா ஒன்னரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலதானுங்க அத்தை. நாலு படிக்கு ஆறரை லிட்டர் போடுங்க."

அரிசியை அத்தை அளந்து போட்டார். அதற்கு மூன்று பங்கு தண்ணீர், பட்டுப்புடவை நனையாமல் நானே ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தால்... தண்ணீர் சுத்தமாக வற்றிவிட்டது. அரிசி நறுக் நறுக்கென்று நிற்கிறது. வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது! கல்யாணமே நின்றுபோகும் என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் பதற்றம் கேட்டு உள்ளே வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. சட்டியைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார்.

"அரிசிய எப்படிங்க அளந்தீங்க?"

"குமிச்சுத்தானுங்க" என்றார் அத்தை. "லிட்டரோ படியோ, சம்பந்திகளுக்கு ஆக்கறப்ப தலை தட்டி அளக்கலாமுங்களா?"

"அப்பத் தண்ணியவும் குமிச்சு ஊத்தியிருக்கோணும் சாமி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாரே ஒரு சிரிப்பு... போன உயிர் திரும்பி வந்தது எனக்கு!

முந்தானையை இழுத்துச் செருகினார். வெந்நீர் தெளித்து, மூடிமேல் தணல் போட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சோறு வேகும்வரை பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே மாமியார் எனக்குப் பழகிப்போனார்.

போன மாதம் என் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். படிக்கு எத்தனை லிட்டர் என்று செல்போனே சொல்லிவிட்டது. குக்கருக்குள் தண்ணீருக்குக் கோடும் போட்டிருக்கிறது. சோறு பூப்போல வெந்திருந்தது.

சம்பந்தியம்மா ஹாலில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சமையலறைப் பக்கம் வரவே இல்லை...