ரசியாக்காவுக்குக் கொடுத்த மீன்

ரசியா பேகம் கலிஃபோர்னியாவை, எங்கள் டப்ளின் ஊரை விட்டுப் போகிறார். அவர் கணவர் பசீர் அகமதுவுக்கு டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்குப் பன்னிரண்டு வருஷம் சம்பளம் வாங்காமல் சமைத்துப் போட்டவர் என்பதால், ஆண்டு மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம். கலாவதிதானே மூன்றாவது வீடு, அவளே எழுதட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்பானவர், சுறுசுறுப்பானவர், நோன்புக் கஞ்சியை வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார் என்று எல்லாம் இருக்கிறது. இந்த மீன் விஷயம் மட்டும் அதில் இல்லை.

ரசியாக்காவுக்குச் சொந்த ஊர் அதிராம்பட்டினம். 2005இல் அமெரிக்கா வந்தார். இரண்டாம் வருஷமே ஃப்ரீமான்ட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மீன் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தார். ரப்பர் ஏப்ரன், கையுறை, தலையில் முக்காடு, அதற்கு மேல் அவர்கள் கொடுத்த தொப்பி. பதினோரு வருஷம் அங்கே மீன் வெட்டியிருக்கிறார். பிள்ளைகளை ஸ்விம்மிங் கிளாஸுக்குக் கூட்டிப் போய்விட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் நாலைந்து பெண்கள் இதைப் பேசியிருக்கிறோம். 'புருஷன் என்ஜினீயர், இவங்க எதுக்கு மீன் வெட்டணும்?' என்று கேட்டவள் வேறு யாருமில்லை, நான்தான். அந்தச் சம்பளத்தில் சேர்த்த பணத்தில்தான் மகன் தௌபீக் காலேஜ் படித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவனுக்குப் பதினைந்து வருஷம் கழித்துப் பிறந்த கடைக்குட்டி ஃபைஹா. அந்தக் குழந்தை மேல் ரசியாக்காவுக்கு உயிர்.

இனி என் கதை. 2022 அக்டோபரில் என் வீட்டுக்காரர் நஞ்சப்பன் ஆபீஸ் நண்பர் கோபாலசாமியோடு ஃபெதர் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனார். ஏற்கெனவே ஐந்து முறை போய் வெறுங்கையோடு வந்தவர். லைசென்ஸ், தூண்டில், இடுப்பு வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் என்று கராஜ் முழுக்கச் சாமான் சேர்ந்ததே தவிர, ஒரு செதில் வீட்டுக்கு வரவில்லை. ஆபீஸில் எல்லோரும் கிண்டல் செய்திருக்கிறார்கள். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொல்லி முடித்ததும் கராஜுக்குப் போய்த் தூண்டிலைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சனிக்கிழமை மீன் மாட்டிவிட்டது. என் கை நீளத்துக்கு ஒரு சால்மன். ஆற்றங்கரையிலேயே ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, நாளைக்கு மதியம் எல்லாரும் நம்ம வீட்டில் லஞ்ச், என் கையால் பிடித்த மீன் என்று நான்கு குடும்பங்களை அழைத்தும் விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே, அதுதான் கிடையாது. வீட்டுக்கு வந்து ஐஸ் பெட்டியை சிங்க் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார்.

நான் கத்தியை எடுத்தேன். மேல் தோல் வெள்ளியாக இல்லை, கறுத்துப் போய்ச் செம்பு நிறத்தில் இருந்தது. தாடை கொக்கி மாதிரி வளைந்திருந்தது. சரி, ஆற்று மீன் அப்படித்தான் போலிருக்கிறது என்று வயிற்றோரம் கீறி ஒரு துண்டு போட்டேன். உள்ளே சதை வெளுத்துக் கிடந்தது. கடையில் பார்க்கிற அந்த ஆரஞ்சுச் சிவப்பு துளிகூட இல்லை, ஊறப்போட்ட அவல் நிறம். விரலால் அழுத்தினேன். அழுத்திய குழி அப்படியே நின்றது.

எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம் மீன் என்றால் அணை மீன். செவுளைத் தூக்கிப் பார்ப்போம். சிவந்திருந்தால் வாங்குவோம், வெளுத்திருந்தால் கடைக்காரரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம். எங்களுக்குத் தெரிந்த மீன் சாஸ்திரம் அவ்வளவுதான். இங்கே செவுளே இல்லாமல் துண்டாகத்தான் விற்கிறார்கள் என்பதால் அந்தச் சாஸ்திரத்தை நான் சதை நிறத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். சிவப்பு என்றால் நல்லது, வெளுப்பு என்றால் கெட்டது. இந்த மீன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாவது வீட்டில் பதினோரு வருஷம் மீன் வெட்டியவர் இருக்கிறார். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் புருஷன் ஆறாம் முறை போய்க் கெட்ட மீனைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் எட்டு பெரிய துண்டு சால்மன் வாங்கி வந்தேன். பண்ணையில் வளர்த்தது, நிறத்துக்குத் தீவனத்தில் சாயம் சேர்க்கிறார்கள் என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எனக்கென்ன, பார்க்கச் சிவப்பாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான்.

ஆற்று மீனை என்ன செய்வது? குப்பையில் போட்டால் அவர் கண்ணில் படும். படாவிட்டாலும், அவர் பிடித்ததைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. ரசியாக்காவிடம் கொடுத்துவிடலாம். அவருக்கு மீன் தெரியும், ஆகாது என்றால் அவரே தூக்கிப் போடுவார், பாவம் நம் கையில் ஒட்டாது. இதை நினைத்தபோது எனக்குக் கூசவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது.

பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி எடுத்துப் போனேன். அவர் வீட்டு வாசலில் நின்று நான் சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அக்கா, அவர் பிடிச்ச மீன். உங்களுக்குன்னு முதல்லயே எடுத்து வெச்சுட்டேன்."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. உள்ளே திரும்பி ஃபைஹாவைக் கூப்பிட்டு, கலா ஆன்ட்டி நமக்கு மீன் கொண்டுவந்திருக்காங்க பாரு என்று காட்டினார். மூடியைத் திறந்து சோதிக்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அவர் அதை வாயால் சொல்கிற ரகமில்லை, செய்கிற ரகம்.

மறுநாள் லஞ்சுக்கு அவர்களை நாங்கள் அழைக்கவில்லை. வெளுத்த மீனை வாங்கிக்கொண்டவர்களைக் கூப்பிட்டுச் சிவந்த மீனைப் பரிமாற முடியுமா? அவர்களுக்கு ஏதோ ஃபங்ஷன் என்று நஞ்சப்பனிடம் ஒரு பொய் சொல்லி வைத்தேன்.

ஞாயிறு மதியம் வீடு நிறைய ஆள். மசாலா தடவிப் பொரித்த துண்டுகளைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். நஞ்சப்பன் மீன் எப்படி இழுத்தது, தாம் எப்படிப் பிடித்து நின்றார் என்று நான்காம் தடவை சொல்லிக்கொண்டிருந்தார். கிண்டல் செய்தவர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது காலிங் பெல் அடித்தது.

ரசியாக்கா. கையில் என் டப்பா. கழுவிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம், எங்கள் வீட்டு வழக்கமும்தான். டப்பா நிறைய மீன் புட்டு. சுறாவை அவித்து உதிர்த்துச் செய்வார்களே, அதே மாதிரி அந்த வெளுத்த மீனை உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய் போட்டுக் கிளறியிருந்தார். வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்துவிட்டு அப்படியே கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தார். நஞ்சப்பன் விடவில்லை.

"வாங்கக்கா, ஃபங்ஷன் சீக்கிரம் முடிஞ்சிருச்சுங்களா? நீங்கதான் ஃபிஷ் எக்ஸ்பர்ட். நான் புடிச்ச மீன், டேஸ்ட் பண்ணிச் சொல்லுங்க."

ரசியாக்கா தட்டைப் பார்த்தார். மசாலாவுக்குள் ஆரஞ்சு நிறம், இடையிடையே வெள்ளைக் கொழுப்புக் கோடு. பதினோரு வருஷம் பார்த்த கண்ணுக்கு அரை நொடி போதும். பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் ஜக்கை எடுக்கப் போவது போல் திரும்பிக்கொண்டேன்.

ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, நல்லா இருக்கு தம்பி, நீங்க கைராசிக்காரர் என்றார் ரசியாக்கா. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்குள் கோபாலசாமி புட்டு டப்பாவைத் திறந்திருந்தார். பத்து நிமிஷத்தில் அது வழித்துத் துடைத்த மாதிரி காலி. என் சால்மன் பாதி தட்டிலேயே கிடந்தது. இது என்ன மீன் என்று யாரோ கேட்டார்கள். தம்பி புடிச்ச மீன்தான் என்று ரசியாக்கா சொன்னார். உண்மையைத்தான் சொன்னார்.

காலி டப்பாவை எடுத்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். குரலை உயர்த்தவில்லை. அந்த மீனுக்கு ஒன்றுமில்லை, கடலை விட்டு ஆற்றில் ஏறிவிட்டால் அது தீனி எடுக்காது, உடம்பில் இருப்பதைக் கரைத்துக் கரைத்துத்தான் மேலே வரும், அதனால் சதை வெளுத்து இளகிவிடும், பொரிக்க ஆகாது, புட்டுக்கு அருமையாக வரும் என்று சொன்னார். கவுண்டரில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"மீன் நல்ல மீன்தான் கலா. ஆனா நீ கெட்டதுன்னு நெனச்சுத்தானே குடுத்தே?"

நான் டப்பாவை சிங்கில் வைத்தேன்.

"மொத வாய் நான் ஃபைஹாவுக்குத்தான் ஊட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஹாலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு அந்த டப்பாவை நான் எத்தனை தடவை கழுவினேன் என்று தெரியாது.

மறுநாள் காலையில் நஞ்சப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, அப்ப என் மீனை நான் திங்கவே இல்லையா என்று கேட்டார். புட்டு தின்றீர்களே என்றேன். ரெண்டு ஸ்பூன் என்றார். அடுத்த வருஷம் ஆற்றில் சால்மன் பிடிக்கவே தடை போட்டுவிட்டார்கள். அதற்கடுத்த வருஷமும் தடை. ஒரு நல்ல மீனைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கலாம் என்று நான் வைத்திருந்த திட்டமும் அப்படியே போயிற்று. மன்னிப்பு கேட்க மீன் எதற்கு, வாய் போதாதா? போதும். அதைத்தான் நான் திறக்கவில்லை.

ரசியாக்கா என்னோடு பேசாமல் இருந்ததில்லை. பெருநாளைக்குப் பிரியாணி வந்தது. என் மகள் கயலுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து பார்த்ததும் அவர்தான். நான் கொடுத்தனுப்பிய டப்பா ஒன்றுகூட வெறுமையாகத் திரும்பியதில்லை. அதனால் மறந்துவிட்டார் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வழியனுப்பும் சாக்கில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்துப் போனேன். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். ஃபைஹா வளர்ந்துவிட்டாள், எட்டு வயசு. "Kala aunty, is that for me?" என்று ஓடி வந்து ஒன்றை எடுத்தாள்.

"இரும்மா" என்றார் ரசியாக்கா. பிள்ளை கையிலிருந்த கச்சாயத்தை வாங்கினார். ஓரத்தைப் பிட்டுத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார். என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்று செய்ததாகவும் தெரியவில்லை. நாலு வருஷத்தில் என் வீட்டுப் பண்டத்துக்குக் கை அப்படிப் பழகியிருந்தது. பிறகு மீதியைப் பிள்ளையிடம் கொடுத்து, சாப்பிடு, நல்லா இருக்கு என்றார்.